நாலு ஒயரும் ரெண்டு பின்னும்

அத்தியாயம் ஆறு

குத்து நேராக மூக்கில் இறங்கியது.

சோடாவுக்கு முதலில் வலி தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது, காய்ந்த சுள்ளியை முறித்த மாதிரி. அடுத்து உதட்டில் உப்புக் கரித்தது. வலி கடைசியாக, சாவகாசமாக வந்து சேர்ந்தது.

"ஃபோர்மேன் சார்," என்றான் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தபடியே. "கேள்வி கேட்டது அந்தம்மா. அடி மட்டும் எனக்கா? பங்கு பிரிக்கிறதுல ஒரு நியாயம் வேணாமா?"

ஃபோர்மேன் எண்ணெய் பிசுக்கேறிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இன்னும் ஓர் அடி முன்னால் வந்தான். பிரஸ் ஷெட்டின் தகரக் கதவு அவன் முதுகுக்குப் பின்னால் சாத்திக் கிடந்தது.

"அந்தம்மா"வுக்குத் தாழ்ப்பாள் என்று பெயர். போலீஸ் வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்தவள். வாய் லேசில் திறக்காது. திறந்தால் யாராவது ஒருத்தர் உள்ளே போவது நிச்சயம். அவளிடம் உதவியாளாக இருக்கும் சோடா இதற்கு நேர் எதிர். மூடியில் விரல் பட்டாலே பொங்கிவிடுவான். இரண்டு பேரும் இத்தனை வருஷம் சேர்ந்து தொழில் செய்வது எப்படி என்று யாருக்கும் புரிந்ததில்லை, அவர்களையும் சேர்த்து.

ஸ்பேனர் ஓங்கியது. தாழ்ப்பாள் கைப்பையிலிருந்து நீளமான இரும்பு டார்ச்சை எடுத்து ஃபோர்மேனின் மணிக்கட்டில் ஒரு போடு போட்டாள். ஸ்பேனர் ஒரு பக்கம் விழுந்தது, ஃபோர்மேன் இன்னொரு பக்கம் விழுந்தான்.

"மெக்கானிக் கடைக்கு நீங்க அனுப்பின பெட்டி," என்றாள் அவள். "அதைப் பத்திச் சொல்லு. உனக்கு இன்னொரு கை நல்லாத்தான் இருக்கு."

"மேனேஜர் அனுப்பின ஆளுங்கன்னு நெனச்சேன்மா!"

"இந்த மூஞ்சியைப் பாத்தா?" என்றான் சோடா. "மேனேஜர் அவ்வளவு மட்டமாவா ஆள் வச்சிருப்பார்?"

ஃபோர்மேன் மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஷெட்டின் நடுவில் நின்ற பிரஸ்ஸைக் கண்ணால் காட்டினான். தகடு வளைக்கிற மிஷின். அதன் தாடையை யாரோ கழுவியிருந்தார்கள். சரியாகக் கழுவவில்லை.

"முன்பக்கக் கதவை மூடினாத்தான் பிரஸ் இறங்கணும். அப்படித்தான் செஞ்சிருக்கு. போன வாரம் கதவு திறந்தே இருந்துச்சு. ஆபரேட்டர் ரெண்டு கையையும் உள்ள விட்டுத் தகட்டை நகர்த்தினான். இறங்கிடுச்சு." அவன் பிரஸ்ஸைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான். "ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சு போச்சு. கை ரெண்டும் அப்புறம்தான் கெடச்சுது."

"பெட்டி?"

"பிரஸ்ஸை ஓட்டுறது ஒரு பழைய கம்ப்யூட்டர். அதை ரிப்பேர்னு சொல்லி மேனேஜர் மெக்கானிக்கிட்ட அனுப்பினார். மெக்கானிக் போன் பண்ணினார். 'உங்க கம்ப்யூட்டருக்குள்ள சொருகியிருக்கிற கார்டுல யாரோ ஒயர் வச்சு ஒட்டியிருக்கான், கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்குன்னு மிஷின் நெனைக்கிற மாதிரி. ஒட்டினவன் யாருன்னு சொல்லுங்க. இல்லன்னா போலீஸ்ல கொடுத்துடுவேன்'னார். மேனேஜர் போனைப் பிடுங்கிப் பேசினார். மறுநாள் மெக்கானிக் செத்துட்டார். அதுலேர்ந்து மேனேஜரைக் காணோம்."

"ஒட்டினது யாரு?"

"வெளி ஆளு. எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் மேனேஜர் அவனைக் கூட்டிட்டு வந்தார். பிரஸ் அடிக்கடி நின்னுடுதுன்னு அதுவரைக்கும் புலம்பிட்டே இருந்தார். அவன் வந்துட்டுப் போனப்புறம் நிக்கவே இல்ல."

"நின்னிருந்தா ஒருத்தன் இப்ப உசுரோட நின்னிருப்பான்," என்றான் சோடா. இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

வெளியே வந்து காரில் ஏறியதுமே தாழ்ப்பாளின் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர். ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க கட்சிக்காரம்மாவோட தம்பியைச் சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். அதுக்குள்ள ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுருவான். அக்கா புருஷன் அந்த மெக்கானிக்கோட சண்டை, சுத்தியலால அடிச்சான், ஓடினான். எதிர்க்கடைக்காரர் பாத்திருக்கார். இதுல நீங்க துப்பறிய என்ன மேடம் இருக்கு?"

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே பின்னால் ஓர் அலறல் கேட்டது. மனிதக் குரல்தான் என்று தெரிய ஒரு கணம் பிடித்தது. லைன் கட்டானது.

"ஒத்துப்பானா அக்கா?" என்றான் சோடா.

"அந்த அடிக்கு நானே ஒத்துப்பேன்," என்றாள் தாழ்ப்பாள். "வண்டியைக் கடைக்கு விடு."

*

செத்த மெக்கானிக்கின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நீளமாக, ஒரு ரயில் பெட்டி மாதிரி இருந்தது. இரண்டு சுவரிலும் கூரைவரை அலமாரிகள், ரிப்பேருக்கு வந்த கேபினெட்டுகள் முகத்தை வெளியே காட்டி வரிசையாக. நடுவில் வேலை மேஜை. மேஜைக்குக் கீழே தரை ஒரு வட்டத்துக்கு மட்டும் வெளுத்திருந்தது. ரத்தத்தைத் தேய்த்தவர்கள் தரையையும் சேர்த்துத் தேய்த்திருந்தார்கள்.

மெக்கானிக்கின் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து, ஈயத்தை உருக்கி ஒரு போர்டைச் சால்டர் செய்துகொண்டிருந்தாள். புருஷன் செத்து மூன்று நாள்கூட ஆகவில்லை. பக்கத்தில் போய் நின்ற சோடா மேஜையில் கையை ஊன்றினான். அடுத்த கணம் "அம்மா!" என்று துள்ளினான்.

"ஸ்டாண்டு அங்கதான் இருக்கு, பாத்து," என்றாள் அவள் தலை நிமிராமலே.

அவள் அப்போதுதான் வைத்த சூடான சால்டரிங் அயர்ன் மேஜையின் இடது ஓரத்தில் இருந்தது.

"உலகத்துல எல்லாரும் வலது பக்கம்தான் வைப்பாங்க!"

"அது என் தம்பி ஸ்டாண்டு. அவன் வர்ற வரைக்கும் வச்ச இடத்துலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." அவள் மூக்கைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன ஆச்சு?"

"விசாரணை நல்லபடியா நடக்குதுன்னு அர்த்தம்."

கடையின் பின்கோடியில் துடைப்பத்தோடு ஒருவன் நிமிர்ந்தான். முப்பது வயதிருக்கும், நல்ல சட்டை, நல்ல பல். எதிர்ச்சாரியில் கண்ணாடி மின்னும் கம்ப்யூட்டர் ஷோரூமின் முதலாளி. தெருவில் எல்லோரும் அவனை ஷோரூம் என்றே கூப்பிட்டார்கள். மெக்கானிக்கின் மைத்துனன் ஓடியதைப் பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்தவனும் அவன்தான்.

"பாத்ததைச் சொல்லித்தானே ஆகணும் அண்ணி," என்றான் மெக்கானிக்கின் மனைவியிடம், நூறாவது முறையாகச் சொல்கிற சலிப்போடு. "அதுக்காக உங்களை விட்டுட முடியுமா? உங்க கஸ்டமர் வேலை நிக்கக் கூடாதுன்னுதான் காலைலேர்ந்து இங்கேயே கிடக்கிறேன்."

அவன் ஒரு புதுப் போர்டை மேஜையில் வைத்தான். உள்ளங்கை மாதிரி சின்னது. பவரைச் சொருகினான். பட்டன் எதுவும் இல்லை. ஸ்க்ரூடிரைவர் நுனியை போர்டின் ஓரத்திலிருந்த இரண்டு குட்டிப் பின்களின் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினான். விசிறி சுழன்றது. சோடா ஒரு அடி பின்வாங்கினான்.

ஷோரூம் சிரித்தான். "பயப்படாதீங்க. அஞ்சு வோல்ட்டு. எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. கேபினெட்ல நீங்க அமுக்குற பட்டனும் இதைத்தான் செய்யுது. நாங்க கடையில தினமும் அம்பது போர்டை இப்படித்தான் எழுப்புவோம்."

"கையில என்ன?" என்றாள் தாழ்ப்பாள். அவனுடைய கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்டர் சுற்றியிருந்தது.

"கேபினெட் கண்ணாடி கிழிச்சிடுச்சு."

"பழைய மிஷினும் பாப்பீங்களா?"

"நானா? நான் கடை போடும்போதே அதெல்லாம் பழைய இரும்புங்க. இதுவரைக்கும் ஒண்ணைத் தொட்டதுகூடக் கிடையாது. அதெல்லாம் அண்ணன் ராஜ்ஜியம்."

தாழ்ப்பாள் தலையாட்டினாள். மேஜைக்கு அந்தப் பக்கம் நான்கு பழைய இரும்புக் கேபினெட்டுகள் குப்புறக் கிடந்தன. நான்கும் ஒரே அச்சு. நான்கையும் சுத்தியலால் பிளந்திருந்தார்கள். மெக்கானிக்கின் மண்டையைப் பிளந்த அதே சுத்தியல். போலீஸ் அதை எடுத்துப் போயிருந்தது, கைப்பிடியில் ரேகை எதுவும் இல்லை. அந்த நான்கில் ஒரு பெட்டியின் முன்பக்க சுவிட்ச் கழற்றப்பட்டு, நான்கு தடித்த ஒயர்கள் நாக்கு மாதிரி வெளியே தொங்கின.

"இதுல எது பிரஸ்ஸோட பெட்டி?"

"நாலுமே அந்த மாதிரி ஃபேக்டரிப் பெட்டிங்கதான்," என்றாள் மெக்கானிக்கின் மனைவி. "கார்டை வச்சுத்தான் சொல்ல முடியும். நேத்து நாலையும் குடைஞ்சு பாத்துட்டேன். பிரஸ் கார்டு எதுலயும் இல்ல."

"நீங்க வந்து அவரைப் பாத்தப்ப கடை எப்படி இருந்துச்சு?"

"இருட்டு. மெயின் ஃபியூஸ் போயிருந்துச்சு. போன் வெளிச்சத்துலதான் பாத்தேன்..." அவள் நிறுத்தினாள். பிறகு அயர்னை ஸ்டாண்டில் வைத்தாள். "மண்டையில மூணு ஓட்டை. நான் விரல் வச்சு எண்ணினேன்."

தாழ்ப்பாள் குனிந்து, உடைந்த பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில் டார்ச்சை அடித்தாள். எதையோ எடுத்துக் கைப்பையில் போட்டாள். சோடா எட்டிப் பார்ப்பதற்குள் பை மூடிக்கொண்டது.

"மெக்கானிக்கம்மா, உங்க வீட்டுக்காரர் அந்தக் கார்டைப் போர்டோட எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கார். பழைய போர்டு எங்கெல்லாம் உக்காரும்? என் மாதிரி ஒண்ணும் தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

"குப்பையில போட்டிருப்பார்மா," என்றான் ஷோரூம்.

மெக்கானிக்கின் மனைவி அவனைக் கவனிக்கவில்லை. மேஜையைக் காட்டி, கையால் அளந்து சொன்னாள்.

"முதல்ல வந்தது அப்பன். செய்தித்தாளை விரிச்ச மாதிரி பெரிசு. பெட்டிக்குள்ள படுத்தா வேற எதுக்கும் இடம் விடாது. அவனுக்குப் பொறந்தது பேபி. அதே உடம்பு, அகலம் மட்டும் கம்மி. இந்த நாலு பெட்டியும் பேபிதான். அதுக்கப்புறம் ஒருத்தன் வந்து போர்டையே தொண்ணூறு டிகிரி திருப்பி வச்சான். வெளிய சொருகுற எல்லாத்தையும் பின்னாடி ஒரே இடத்துல அடுக்கினான், அவன் பேர் ஏட்டிஎக்ஸ். இன்னைக்கும் வீட்டை ஆள்றது அவன்தான். அவனோட பிள்ளை மைக்ரோ, பேரன் அந்த உள்ளங்கை சைஸ். நடுவுல ஒருத்தன் எல்லாத்தையும் கண்ணாடியில பாக்குற மாதிரி இடம் வலமா மாத்தி வச்சான். கொஞ்ச வருஷத்துலயே போய்ச் சேந்துட்டான்."

"எல்லாக் குடும்பத்துலயும் அப்படி ஒரு சித்தப்பா இருப்பார்," என்றான் சோடா.

"அப்பனோட வீட்டுல பிள்ளைங்க தங்க முடியுமா?" என்றாள் தாழ்ப்பாள்.

"முடியாது. ஆனா பேபி, ஏட்டிஎக்ஸ் வீட்டுல தங்கும். ஸ்க்ரூ ஓட்டை பாதிக்கு மேல ஒத்துப்போகும். முன்பக்கம் பாத்தா புதுப் பெட்டின்னுதான் தோணும்." அவள் சட்டென்று நிறுத்தினாள். கண் அலமாரிப் பக்கம் போனது. "பின்பக்கம்தான் காட்டிக்கொடுக்கும்."

தாழ்ப்பாள் ஏற்கெனவே அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் பக்கவாட்டில் நுழைந்திருந்தாள். டார்ச் வெளிச்சம் கேபினெட்டுகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனது. எல்லா முதுகிலும் ஓட்டைக் கூட்டம், சதுரம், வட்டம், பச்சை, நீலம்.

வெளிச்சம் ஓரிடத்தில் நின்றது.

"சோடா, இதை இறக்கு."

கறுப்பு நிறத்தில் பளபளப்பான கேபினெட். முன்பக்கம் புதுசுதான். பின்பக்கத் தகட்டில் ஒரே ஓர் ஓட்டை, விரல் நுழைகிற அளவுக்கு வட்டமாக. அதில் பழைய கீபோர்டு மட்டும்தான் சொருக முடியும். வேறு ஒன்றுமே இல்லை.

"ஒத்தைக் கண்ணன்!" என்றான் சோடா. "புதுச் சட்டை போட்டுக்கிட்ட கிழவன். கடைக்கு வர்றவன் எல்லாம் மூஞ்சியத்தான் பாப்பான், முதுகை எவன் பாக்குறான்?"

மெக்கானிக்கின் மனைவி பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே மஞ்சளேறிய பேபி போர்டு. அதில் நட்டுக்குத்தலாக ஒரு நீளக் கார்டு. கார்டின் முதுகில், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, அரை விரல் நீளத்துக்குச் சிவப்பு ஒயர்.

அவ்வளவுதான். அந்த அரை விரல் ஒயர் ஒருத்தனின் இரண்டு கைகளையும் தின்றிருந்தது.

ஷோரூம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நெருங்கி வந்தான். "கொடுங்கம்மா. என் கடையில நல்ல வெளிச்சம் இருக்கு, நான் செக் பண்ணிக் கொண்டு வர்றேன்."

"இங்கேயே பாத்துடலாம். மெக்கானிக்கம்மா, இதை மேஜையில வச்சுப் பவர் கொடுங்க. பழைய சப்ளை இருக்குமில்ல?"

சோடா பெட்டியை ஏந்திப் பிடித்தான். தாழ்ப்பாள் கையை உள்ளே விட்டு ஏதோ செய்தாள். போர்டு வெளியே வந்தது. மெக்கானிக்கின் மனைவி கனமான பவர் சப்ளை ஒன்றைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தாள். அதிலிருந்து வந்த இரண்டு பட்டைப் பிளக்குகளைக் கறுப்பு ஒயரோடு கறுப்பு ஒயர் நடுவில் சேர்கிற மாதிரி போர்டில் அமுக்கினாள். அதற்கு சுவிட்ச் கிடையாது. சுவிட்சுக்குப் போக வேண்டிய நான்கு தடித்த ஒயர்கள் மேஜை விளிம்பில் தொங்கின, நுனியில் பித்தளை பளபளத்தது. மெயின் ஒயர் மேஜைக்குக் கீழே தாழ்ப்பாளின் காலடிப் பக்கம் போனது.

"தம்பி," என்றாள் தாழ்ப்பாள் ஷோரூமிடம். இன்றைக்கு அவள் பேசியதிலேயே இனிமையான குரல் அதுதான். சோடா அரை அடி தள்ளி நின்றுகொண்டான். "சுவிட்ச் இல்ல. அப்ப செஞ்சீங்களே, அந்த மாதிரி ஸ்க்ரூடிரைவரால ஒரு தட்டுத் தட்டுங்க. ஓடுதான்னு பாப்போம்."

ஷோரூமின் கை தானாகவே ஸ்க்ரூடிரைவரை எடுத்தது. மேஜைக்கு மேல் பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது.

"இதுல வேண்டாம்மா."

"ஏன்?"

"இது வேற மாதிரி. இந்த நாலு ஒயர்ல வீட்டுக் கரண்ட் அப்படியே நேரா ஓடும். தப்பான ரெண்டைச் சேத்தா வெடிச்சுடும்."

"சரியாச் சொன்னார்," என்றாள் மெக்கானிக்கின் மனைவி. "புதுசுல சுவிட்ச் வெறும் சிக்னல். பழசுல அதுதான் மெயினே. என் தம்பிக்குச் சின்ன வயசுல இதுல ஒரு தடவை ஷாக் அடிச்சுது. பிளக்கைப் பிடுங்காம கிட்டகூடப் போக மாட்டான்..."

அவள் குரல் தேய்ந்தது. அவள் ஷோரூமைப் பார்த்தாள். சோடாவும் பார்த்தான்.

"பழசைத் தொட்டதே இல்லன்னு சொன்னீங்க," என்றாள் தாழ்ப்பாள். "தினமும் அம்பது போர்டை ஸ்க்ரூடிரைவரால எழுப்புற கை. கையே பழகிப் போயிருக்கும். இப்ப மட்டும் பாதியில நின்னுச்சே, அதுக்கு யாரு பாடம் எடுத்தா?"

"படிச்சிருக்கேன்மா. இது எல்லாருக்கும்..."

தாழ்ப்பாள் கைப்பையிலிருந்து சந்தில் பொறுக்கியதை எடுத்து மேஜையில் போட்டாள். ஒரு ஸ்க்ரூடிரைவர். அதன் நுனியை எலி கடித்த மாதிரி ஏதோ தின்றிருந்தது. மிச்ச இரும்பு கருகி, உருகி, ஒரு சொட்டாக உறைந்திருந்தது.

"ஒரே மாதிரி நாலு பெட்டி. எது பிரஸ்ஸோடதுன்னு தெரியணும். போட்டுப் பாத்தா பிரஸ் புரோகிராம் ஸ்கிரீன்ல வரும். முதல் பெட்டியில சுவிட்சைக் கழட்டி வச்சிருந்தார் மெக்கானிக். உனக்கென்ன, தட்டினா போதும். தட்டின. வெடிச்சுது. ஃபியூஸ் போச்சு, கடை இருட்டாச்சு, இது கையை விட்டுப் பறந்துடுச்சு. இனிமே எதையும் போட்டுப் பாக்க முடியாதுன்னு நாலையும் உடைச்ச. அப்பவும் சந்தேகம் தீரல. அதான் காலைலேர்ந்து துடைப்பமும் கையுமா தேடிட்டிருக்க." அவள் அவன் விரலைக் காட்டினாள். "கண்ணாடி கிழிச்சா கோடு விழும். வெடிச்சா கருகும். பிளாஸ்டரைப் பிரி."

அவன் பிரிக்கவில்லை.

மெக்கானிக்கின் மனைவி அவனுக்கு மிக அருகில் இருந்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று. அவன் வலது கை அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. இடது கை மேஜையின் இடது ஓரத்தில் இருந்த அயர்னை உருவியது. கொதிக்கும் நுனி அவள் கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. ஓர் இமை மயிர் பொசுங்கி நாறியது.

"போர்டைக் கொடு!" அவன் குரலில் இருந்த மரியாதையெல்லாம் போய்விட்டது. "மேனேஜர் கெஞ்சினான்டி! பிரஸ் நிக்கக் கூடாது, புது மிஷின் ஆர்டர் மொத்தமும் உனக்குத்தான்னு சொன்னான். ஒரு ஒயர் ஒட்டினேன், அவ்வளவுதான்! அந்தக் கூறு கெட்டவன் கையை விடுவான்னு நான் கண்டேனா? கொடு!"

"இந்தா," என்றாள் தாழ்ப்பாள். போர்டைப் பவரிலிருந்து பிய்த்து அவன் மூஞ்சிக்கு நேராக வீசினாள்.

சோடா எட்டிப் பிடிக்கப் பாய்ந்தான்; கைக்கு எட்டவில்லை. லாக்கப்பில் கிடப்பவனின் உயிர் காற்றில் பறந்து போய்க்கொண்டிருந்தது.

பறந்து வருவதைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். ஷோரூம் கூந்தலையும் விட்டான், அயர்னையும் விட்டான். பிடித்த வேகத்தில் போர்டை மேஜை விளிம்பில் வைத்து ஓங்கி அடித்தான். மடேர். மறுபடியும் அடித்தான். போர்டு இரண்டாகப் பிளந்தது. துண்டுகளைக் காலால் மிதித்து அரைத்தான். சிரிக்கக்கூடச் செய்தான்.

சிரித்த வாயில் ஒத்தைக் கண்ணனின் பக்கத் தகடு குறுக்காக விழுந்தது.

சோடா தகட்டை மறுபடி வீசினான். முன்பற்கள் இரண்டு தரையில் தெறித்தன. ஷோரூம் முட்டியால் அவன் வயிற்றில் இடித்தான். இருவரும் உடைந்த பெட்டிகளின் மேல் உருண்டார்கள். தகர விளிம்பு சோடாவின் தோளைக் கிழித்தது. ஷோரூமின் கட்டைவிரல் அவனுடைய உடைந்த மூக்கைத் தேடிப் பிடித்துத் திருகியது. உலகம் வெள்ளையானது. சோடா கண்ணை மூடிக்கொண்டு தலையால் முட்டினான். ஒருமுறை, இன்னொருமுறை, அடியில் இருந்த உடம்பு தளர்கிற வரைக்கும்.

நிமிர்ந்தபோது மெக்கானிக்கின் மனைவி மேலே நின்றுகொண்டிருந்தாள். அயர்ன் அவள் கையில் இருந்தது.

"எத்தனை அடி அடிச்ச?"

"அண்ணி..." ரத்தக் குமிழி விட்டான் ஷோரூம். "ஒண்ணு. ஒரே அடிதான் அண்ணி. கைதவறி..."

"மூணு ஓட்டை," என்றாள் அவள். "நான் எண்ணினேன்."

அயர்னை அவன் புறங்கையில் வைத்து அழுத்தினாள். ஈயத்தை உருக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைவிடக் கொஞ்சம் கூடவே வைத்தாள். கருகிய வாடை கடை முழுக்கப் பரவியது. தாழ்ப்பாள் வேறு பக்கம் பார்த்தாள். அப்புறம் போதும் என்கிற மாதிரி அவள் தோளைத் தொட்டாள்.

சோடா பவர் சப்ளையின் ஒயரை எடுத்து ஷோரூமின் கைகளைப் பின்னால் கட்டப் போனான். ஒயரின் மறுமுனை லேசாக வந்துவிட்டது. பிளக் தாழ்ப்பாளின் செருப்புக்குக் கீழே கிடந்தது. கடைசிவரை அது சொருகப்படவேயில்லை.

"அக்கா!" அவன் மூச்சு வாங்கினான். "எல்லாம் சரி. ஆனா போர்டு போச்சே! அதை அவன் கையில எதுக்குத் தூக்கிப் போட்டீங்க? இனிமே எதை வச்சு..."

தாழ்ப்பாள் கைப்பையைத் திறந்தாள். நீளக் கார்டு. முதுகில் சிவப்பு ஒயர்.

"போர்டு வெறும் தரை. தப்பு அதுல இல்ல, அதுல நின்ன கார்டுல இருந்துச்சு. நீ பெட்டியை ஏந்திட்டிருந்தப்பவே உருவிட்டேன். கண்ணு முன்னாடி கார்டு இல்லாத போர்டுல பவர் ஒயரை மாட்டினாங்க, இவன் கவனிக்கலயே. நாலு ஒயரையே வெறிச்சுப் பாத்துட்டிருந்தான்."

"நானும் கவனிக்கல."

"உனக்கு மூக்கு வலி."

*

இன்ஸ்பெக்டர் போனை எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். வாசலுக்கு வெளியே வெயில் சாய்ந்திருந்தது. மெக்கானிக்கின் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையெழுத்துப் போட்டிருந்தால் அதை அழிக்க வருஷக்கணக்காகும். அந்தக் கணக்கு அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

மூன்றாவது முறை எடுத்தார்.

"கொன்னவன் இங்க கட்டிக் கிடக்கான்," என்றாள் தாழ்ப்பாள். "வந்து அள்ளிட்டுப் போங்க. பையன் கையெழுத்துப் போட்டானா?"

ஸ்பீக்கரில் நாற்காலி கிறீச்சிட்டது. இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"இல்ல மேடம்."

"ஏன்?"

"நம்ம ஆளுங்க கொஞ்சம்... வேகமா போயிட்டாங்க. வலது கை விரலு மூணு உடைஞ்சு போச்சு. பேனா பிடிக்க முடியல. 'எழுதுற கை போச்சு சார், நான் என்ன பண்ணட்டும்'னு அழறான். ரேகை எடுக்கலாம்னா, படிச்சவன் ஏன்யா ரேகை வச்சான்னு மாஜிஸ்ட்ரேட் கேப்பார். அதான் வீக்கம் குறையட்டும்னு..."

தாழ்ப்பாள் போனை அணைத்தாள்.

மெக்கானிக்கின் மனைவி சத்தமே இல்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து சோடா பக்கத்தில் போனான். அவள் அழவில்லை. அல்லது அழ மட்டும் செய்யவில்லை, சிரிக்கவும் செய்தாள். வேலை மேஜையின் இடது ஓரத்தில் இருந்த காலி ஸ்டாண்டைக் காட்டினாள்.

"என் தம்பி," என்றாள், மூச்சு திணறத் திணற, "இடது கைக்காரன்."